என்கிளெக்ஸ்: 150 கேள்வி வரை போய்த் தவறியவருக்கு

அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில் தவறிவிட்டேன், இனி எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம். உச்ச வரம்பான 150 கேள்வி வரை போனதென்றால், பாஸா ஃபெயிலா என்று கம்ப்யூட்டரால் அதுவரை உறுதியாக முடிவு செய்ய முடியவில்லை, அதாவது நீங்கள் பாஸ் கோட்டுக்கு மிகப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறீர்கள்.

‘யாரை முதலில் பார்ப்பது’ கேள்விகள்தான் காலை வாருகின்றன என்கிறீர்கள். நோயின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. புற்றுநோயாளி வலி மாத்திரை கேட்கிறார், தைராய்டு ஆபரேஷன் முடிந்தவருக்கு மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது என்றால், ஓட வேண்டியது இரண்டாமவரிடம். மூச்சுப்பாதை அடைபட்டால் நிமிடங்கள்தான் இருக்கும்.

சரி, இதைச் செய்து பாருங்கள். பயிற்சியில் தவறவிட்ட ஐம்பது கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, கடைசியில் மிஞ்சிய இரண்டு விடைகளில் தவறானதை எடுத்தீர்களா என்று எழுதுங்கள். மூன்றாவதுதான் அதிகம் என்றால் இன்னொரு கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள், விடை விளக்கங்களை நிதானமாகப் படியுங்கள். அப்புறம், பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறாகத் தொட்டால் மதிப்பெண் கழியும், சந்தேகமானதை விட்டுவிடுங்கள்.

மறுபடி எழுத குறைந்தது 45 நாள் இடைவெளி வேண்டும், சில மாநில நர்சிங் வாரியங்களின் விதி இதைவிடக் கடுமை. தேதி போடுவதற்கு முன் உங்கள் வாரியத்தின் விதியைப் பாருங்கள்.