பழைய டெஸ்க்டாப்புக்கு டிவிடி ரோம் டிரைவ் வாங்கலாமா?

ஏற்காட்டு வீட்டில் உள்ள பழைய கணினியில் கல்யாண டிவிடிகளைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டியதில்லை, சேலத்தில் செகண்ட் ஹேண்ட் டிரைவ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாங்கலாம்; டிவிடி ரோம் டிரைவ் தட்டைப் படிக்கும், எழுதாது, உங்களுக்கு அது போதும். ஆனால் சிடி ரோம் டிரைவைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், பார்த்து. இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். சிடி டிரைவின் லேசர் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர்; டிவிடிக்கு 650 வேண்டும், அதனால் சிடி டிரைவ் டிவிடியைப் படிக்காது. முகப்பில் டிவிடி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 52x என்ற எண்ணில் மயங்க வேண்டாம், அது சிடி வேகம்: நொடிக்கு 150 கேபி பெருக்கல் 52, அதுவும் தட்டின் வெளிவிளிம்பில்தான். 16x டிவிடி என்றால் நொடிக்குச் சுமார் 22 எம்பி.

அப்புறம் இணைப்பு. மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) 40 ஊசிகள் கொண்ட அகலமான ஐடிஇ சாக்கெட் (பழைய வகை இணைப்பு) மட்டும் இருந்தால், சாட்டா (புதிய வகை, ஒல்லியான இணைப்பு) டிரைவ் நேரடியாகப் பொருந்தாது. ஐடிஇ டிரைவில், பின்பக்க ஜம்பரைப் (ஊசிகளில் மாட்டும் சின்ன மூடி) பாருங்கள்: அதே கேபிளில் ஹார்டு டிஸ்க் மாஸ்டர் (முதல் சாதனம்) என்றால் இதை ஸ்லேவ் (இரண்டாவது) என்று வையுங்கள். இரண்டும் மாஸ்டராக இருந்தால் டிரைவ் கணினியின் கண்ணிலேயே படாமல் போகலாம். டிரைவ் போச்சு என்று நினைத்துவிடாதீர்கள்.

மலைமேல் பனிக்காலத்தில் லென்ஸில் ஈரம் படியும், கணினியைப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைப் போடுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் கல்யாணத் தட்டு ஒன்றையே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.