டெராஃபிளாப்பா, எஸ்எஸ்டி வேகமா: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: வீட்டில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கன்சோல் இருக்கிறது, மாற்ற வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 12 டெராஃபிளாப் என்கிறான் தம்பி. பிஎஸ்5 எஸ்எஸ்டி இரண்டு மடங்கு வேகம் என்கிறார் கடைக்காரர். யாரை நம்புவது? நாங்கள் ஆடுவது பெரும்பாலும் ஃபுட்பால்தான்.
வாசகர், வியாசர்பாடி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மை. காசிமேட்டில் ஞாயிறு காலை மீன் வெட்டும் இடத்துக்குப் போயிருப்பீர்கள். அருவாமனை முன் உட்கார்ந்த அக்காவின் கை வேகம் ஒன்று. அடுத்த கூடை எத்தனை சீக்கிரம் வந்து சேர்கிறது என்பது வேறு. தம்பி சொல்லும் டெராஃபிளாப், கிராஃபிக்ஸ் சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்பது; அது கை. கடைக்காரர் சொல்லும் எஸ்எஸ்டி, கேமைச் சேமித்து வைக்கும் வேகமான சேமிப்பகம்; அது கூடை.

சீரிஸ் எக்ஸின் கிராஃபிக்ஸ் சிப்பில் 52 கணக்கீட்டு அலகுகள், 1.825 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில். பிஎஸ்5இல் 36தான், ஆனால் 2.23 வரை போகும். ஒன்றில் ஆள் அதிகம், இன்னொன்றில் கை வேகம். கணக்குப் போட்டால் 12.15 டெராஃபிளாப்புக்கு 10.28. ஹாலில் உட்கார்ந்து ஃபுட்பால் ஆடும்போது இந்த இடைவெளி கண்ணுக்குப் படுவது கஷ்டம்.

சரி, கூடைக்கு வருவோம். சுருக்காத தரவை பிஎஸ்5 நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும், சீரிஸ் எக்ஸ் 2.4 ஜிபி. இரண்டிலும் ராம் (ஆடும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) 16 ஜிபி. அதை முழுக்க நிரப்ப முதலாவதுக்கு 3 நொடி, அடுத்ததுக்கு 7 நொடிக்குள். உங்கள் பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தாலே பெரிது; அதே அளவைப் படிக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் எதை வாங்கினாலும் முதல் நாளே அசந்துபோவீர்கள். அந்த 3க்கும் 7க்கும் சண்டை வேண்டாம்.

நிறையப் பேர் கோட்டைவிடுவது இடத்தில்தான். 2020இல் வந்த பிஎஸ்5இன் 825 ஜிபியில் கேமுக்குக் கிடைப்பது 667. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிஎஸ்5 கேமைப் போட்டுவைக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. ஆனால் கடையில் கிடைக்கும் வேகமான எம்.2 எஸ்எஸ்டியை (சின்ன பட்டை வடிவ எஸ்எஸ்டி) உள்ளே மாட்டலாம். எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்றே வரும் கார்டு வேண்டும்.

என் யோசனை பிஎஸ்5. வேகத்துக்காக இல்லை, உங்களிடம் இருக்கும் பிஎஸ்4 டிஸ்க்குகளில் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடும், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். பணம் கட்டும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘டிஜிட்டல் எடிஷன்’ என்று போட்டிருந்தால் அதில் டிஸ்க் டிரைவ் இருக்காது.