தில்லியிலிருந்து தாயாரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஜப்பானை ரயிலிலேயே சுற்றிவர எப்படித் திட்டமிடுவது?

கேள்வியின் சாரம் இது: மயூர் விகாரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், அதாவது கணவன், மனைவி, 11 வயது மகள், 5 வயது மகன், முழங்கால் வலியுள்ள 72 வயதுத் தாயார் ஆகிய ஐவர், பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் ஜப்பான் செல்ல விரும்புகிறார்கள். டோக்கியோ, நிக்கோ, ஹகோனே, தகாயமா, கனசவா, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா என்று எட்டு ஊர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் ஓரிரு இரவு தங்கி, எல்லாவற்றுக்கும் 14 நாள் ஜேஆர் பாஸ் (குறிப்பிட்ட நாள்களுக்கு ஜப்பான் ரயில்வேயின் ரயில்களில் பயணம் செய்ய உதவும் ஒரே சீட்டு) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாஸை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எந்தெந்த ஊரில் இரவு தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் குடும்பத்துக்கு டோக்கியோ, கியோட்டோ என்று இரண்டு ஊர்கள் இருந்தால் போதும். மிஞ்சிப் போனால் மூன்று. நானும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து என் தாயாரை அழைத்துக்கொண்டு இதே நாட்டை ரயிலில் சுற்றி வந்தவன் என்பதால், இந்த ஒரு முடிவுதான் பயணத்தின் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

காரணம் இதுதான். ஜப்பானிய விடுதிகளில் பெரும்பாலும் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்கு முன் அறை கிடைக்காது. இந்த நேரக் கணக்கில் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். எனவே ஊர் மாறும் ஒவ்வொரு நாளிலும், ரயில் எவ்வளவு வேகமாகச் சென்றாலும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் சற்றுத் தலைசாய்க்க வேண்டிய ஒரு முதியவரும், தூங்கி விழும் ஒரு குழந்தையும் நான்கைந்து மணி நேரம் அறையில்லாமல் வெளியில் இருந்தாக வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு படுத்துறங்கிச் சென்னைக்குப் போய்ப் பழகிய நமக்கு, ரயில் என்றாலே அதில் ஏறியபின் ஓய்வுதான் என்ற எண்ணம் இருக்கிறது. ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் அப்படியல்ல. அதில் படுக்கை கிடையாது. பெரும்பாலான பயணங்கள் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால், ஓர் ஊரில் நிலையாகத் தங்கி, காலையில் ரயிலில் சென்று மாலையில் திரும்பிவர அது மிகவும் ஏற்றது. கியோட்டோவிலிருந்து நாரா முக்கால் மணி நேரம், ஒசாகா அரை மணி நேரம், ஹிரோஷிமாகூட ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள்தான். டோக்கியோவிலிருந்து காமகுரா ஒரு மணி நேரம், நிக்கோ இரண்டு மணி நேரம். உங்கள் பட்டியலில் பாதி ஊர்களை விடுதி மாற்றாமலே பார்த்துவிடலாம். இப்படிப் போகும்போது, களைப்பாக இருக்கும் நாளில் உங்கள் தாயார் அறையிலேயே இருந்துவிடலாம் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி. தினமும் ஐவரும் சேர்ந்தே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இனிப் பாஸ். 2023 அக்டோபரில் 7 நாள் ஜேஆர் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. 14 நாள் பாஸ் 80,000 யென் ஆயிற்று. அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் 'கண்ணை மூடிக்கொண்டு பாஸ் வாங்குங்கள்' என்று இருப்பதை இன்று நம்பக் கூடாது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு, மிகக் குறைந்த நிலையங்களில் நிற்கும் ஷின்கான்செனான நொசோமி ரயிலில் முன்பதிவு இருக்கையுடன் ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். டோக்கியோவில் இறங்கி ஒசாகா வழியாக நாடு திரும்பினால், நீங்கள் செய்யும் ஒரே நீண்ட பயணம் அதுதான். அதனுடன் ஹிரோஷிமா போய்வருவதைச் சேர்த்தாலும் 7 நாள் பாஸின் விலையைத் தொடாது. அது மட்டுமல்ல, பாஸ் வைத்திருப்பவர் நொசோமியில் ஏறக் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். இல்லையேல் சில நிலையங்களில் அதிகமாக நின்று செல்லும் ஹிகாரியில்தான் போக வேண்டும். உங்களுக்குத் தனித்தனி டிக்கெட்டே சிக்கனமானது. மகளுக்குப் பாதிக் கட்டணம். மகனுக்குத் தனி இருக்கை எடுக்காவிட்டால் கட்டணமே இல்லை. ஆனாலும் அந்த நீண்ட பயணத்துக்கு மட்டும் அவனுக்கும் பாதிக் கட்டணம் கொடுத்து ஓர் இருக்கை எடுத்துவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். நகரப் பயணங்களுக்கு சுய்கா போன்ற அட்டைகளில் பணம் ஏற்றி வைத்துக்கொண்டால் நம் மெட்ரோ அட்டையைப் போலவே பயன்படும்; மகளுக்குப் பாதிக் கட்டணத்துக்கான குழந்தைகள் அட்டையை நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம்.

தேதி விஷயத்தில் தில்லிவாசிகளுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியரே ஊர் சுற்றும் 'கோல்டன் வீக்' விடுமுறை. அப்போது ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கடினம், விலையும் ஏறிவிடும். ஜூன் முற்பாதியில் அங்கே மழைக்காலம் தொடங்கிவிடும். நம் பள்ளிகள் மே நடுவில் மூடுவதால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மே மாதப் பின்பாதி உங்களுக்குச் சரியாக அமைகிறது. அந்த மாதத்தில் ஜப்பானியப் பள்ளிகள் கியோட்டோவுக்குச் சுற்றுலா வரும் என்பதால் கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

தில்லியிலிருந்து டோக்கியோவுக்கு நேரடி விமானங்கள் உண்டு. பயணம் ஏறத்தாழ 8 மணி நேரம். ஹனேதா, நரிதா இரண்டில் ஹனேதாவில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். அது நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. நரிதா சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரவு கிளம்பி மறுநாள் காலை இறங்கினால், மேலே சொன்ன மூன்று மணிக் கணக்கு முதல் நாளே உங்களைப் பிடித்துக்கொள்ளும். விமானத்தில் சரியாகத் தூங்காத தாயாரை வரவேற்பறை நாற்காலியில் மதியம்வரை உட்கார வைக்காமல், முந்தின இரவுக்கும் சேர்த்து ஓர் அறையை மட்டும் பதிவு செய்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் வீண் செலவே இல்லாத செலவு அது. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலியையும் கேட்டுவிடுங்கள்.

டோக்கியோவில் உயேனோ அல்லது ஷினாகவா பகுதியில் தங்கலாம். ஷின்ஜுகு உலகிலேயே மிகுந்த நெரிசலுள்ள நிலையம். இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் கொண்டது. தவறான வாயிலில் வெளியேறினால் முழங்கால் வலிக்காரர் அரை மணி நேரம் கூடுதலாக நடக்க வேண்டிவரும். எந்த நிலையமானாலும், லிஃப்ட் இருக்கும் வாயில் எது என்பதை முன்னிரவே வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் அநேகமாக எல்லாப் பெரிய நிலையங்களிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் நடைமேடையின் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை நகர ரயில்களில் ஏறாதீர்கள்.

சூட்கேஸ்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஷின்கான்சென் இடைநிலையங்களில் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் நிற்கும். கியோட்டோவும் ரயிலுக்கு இடைநிலையம்தான். வண்டி நின்றபின் எழுந்து, மேலிருந்து பெட்டியை இறக்கி, தாயாரின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக அங்கே நேரமில்லை. அறிவிப்பு கேட்டதுமே எழுந்து கதவருகே நின்றுவிட வேண்டும். ஐந்து பேருக்கு மூன்று பெரிய சூட்கேஸ்கள் கையில் இருந்தால் இது நடக்காது. மேலும், நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிகளுக்கு, டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் தொகாய்தோ வழித்தடத்தில் அதற்கென உள்ள இருக்கைகளை முன்பதிவு செய்தாக வேண்டும். இதற்கெல்லாம் அவர்களிடமே அழகான தீர்வு இருக்கிறது. 'தக்யூபின்' என்னும் கூரியர் சேவையின் படிவம் விடுதி வரவேற்பறையிலேயே கிடைக்கும். அடுத்த விடுதியின் முகவரியையும் அங்கே பதிவான பெயரையும் எழுதிக் காலையில் கொடுத்தால், டோக்கியோ சூட்கேஸ் மறுநாள் கியோட்டோ விடுதியில் உங்களுக்காகக் காத்திருக்கும். ஒரு பெட்டிக்குச் சில ஆயிரம் யென் ஆகும். மாத்திரைகள், பாஸ்போர்ட், ஒரு நாள் மாற்றுடை ஆகியவற்றைத் தோள்பையில் வைத்துக்கொண்டால் போதும். கைவீசிக்கொண்டு ரயிலேறும் சுகத்தை உங்கள் தாயார் அன்று உணர்வார்.

நடைமேடையில் பெட்டி எண்ணும் கதவு நிற்கும் இடமும் தரையில் எழுதப்பட்டிருக்கும். ரயில் அந்தக் கோட்டில்தான் நிற்கும். ஆனால் நொசோமியில் 16 பெட்டிகள், நீளம் 400 மீட்டர். ஆகவே உங்கள் பெட்டி எந்த முனையில் வரும் என்று பார்த்து, கால் மணி நேரம் முன்னதாக அங்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கு ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் இரண்டுமாக ஐந்து இருக்கைகள். நீங்களும் ஐவர்! மகனுக்கும் இருக்கை எடுக்கச் சொன்னது இதனால்தான். ஒரு முழு வரிசையே உங்களுடையதாகிவிடும். இருவர் அமரும் பக்கத்தில் 'E' எழுத்திட்ட ஜன்னல் இருக்கையைத் தாயாருக்கும், அடுத்ததைப் பேரனுக்கும் கொடுங்கள். டோக்கியோவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்தில், மேகம் இல்லையென்றால், அந்த ஜன்னலில்தான் ஃபுஜி மலை தெரியும். ரயிலின் வேகத்தைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள விரும்பினால், 1964-இல் இந்தத் தடம் தொடங்கியபோது டோக்கியோவிலிருந்து ஒசாகா செல்ல நான்கு மணி நேரமாயிற்று. இன்று அது இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவு என்று சொல்லிக் கொடுங்கள்.

கனசவா உங்கள் மனத்தில் இருப்பது தெரிகிறது. 2024 மார்ச்சில், கனசவா வழியாகச் செல்லும் ஹொகுரிகு ஷின்கான்சென் சுருகா வரை நீண்டதால், அந்த வழியாகக் கியோட்டோ போவோர் சுருகாவில் தளம் மாறி வேறு ரயில் பிடிக்க வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்கு அந்தக் குறுகிய நேர மாற்றம் வேண்டாம் என்பது என் கருத்து. தகாயமாவையும் விட்டுவிடுங்கள்.

கியோட்டோவில் நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவில் தங்குங்கள். சமையல் மேடையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள அடுக்ககவகை விடுதிகள் அங்கே உண்டு; ஐவரும் ஒன்றாகத் தங்கவும் அதுவே வழி, ஏனெனில் சாதாரண விடுதி அறைகள் மிகச் சிறியவை. பாய் விரித்த அறையில் தரையில் படுத்தெழுவது தாயாருக்குச் சிரமம் என்பதால் கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நகரப் பேருந்துகளில் கூட்டம் அதிகம். டாக்சியில் வழக்கமாக நால்வர்தான் ஏறலாம், ஆகவே இரண்டு வண்டிகள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ரயில் பிடித்த பையனுக்கு உமேகோஜியில் உள்ள ரயில்வே அருங்காட்சியகமும், ஹொசு ஆற்றங்கரையோரம் 25 நிமிடம் ஓடும் சகானோ திறந்தவெளி ரயிலும் போதும். வேறெதுவும் கேட்க மாட்டான். ஹிரோஷிமாவுக்கு மகளும் பெற்றோரில் ஒருவரும் மட்டும் போய்வரலாம். அங்குள்ள அமைதி அருங்காட்சியகம் ஐந்து வயதுக் குழந்தைக்கு உரியதல்ல. ஆனால் 1955-இல் 12 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் நினைவாகவும், அணுகுண்டால் மாண்ட குழந்தைகள் அனைவரின் நினைவாகவும் 1958-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தையும், அங்கே குவிந்திருக்கும் காகிதக் கொக்குகளையும், ஏறத்தாழ அதே வயதில் இருக்கும் உங்கள் மகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சைவ உணவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய்கறி சூப், நூடுல்ஸ் என்று பெயர் சொன்னாலும் அவற்றின் அடிநீரான 'தாஷி' பெரும்பாலும் உலர்ந்த மீனில் செய்யப்படுகிறது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். எந்தக் கடைத்தெருவிலும் உள்ள சிறு அங்காடிகளில் வெந்த வெறுஞ்சோறு பொட்டலமாகக் கிடைக்கும், கேட்டால் சூடாக்கியும் தருவார்கள்; சர்க்கரை சேர்க்காத தயிரும் அங்கேயே உண்டு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சிறிய புட்டியில் நல்லெண்ணெய் இவற்றைக் கொண்டுபோனால், தாயாருக்கு இரவுச் சாப்பாடு எந்த ஊரிலும் குறையில்லாமல் அமையும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றை எடுத்துச் செல்லாதீர்கள். விமான நிலையத் தாவரச் சோதனையில் பறிமுதலாகும். ஷின்கான்செனில் தாராளமாகச் சாப்பிடலாம், நகர ரயில்களில் கூடாது. தொகாய்தோ தடத்தில் தள்ளுவண்டி விற்பனை 2023 அக்டோபருடன் நின்றுவிட்டதால், ஏறும்முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும்.

தாயாரின் மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குள், மருத்துவர் சீட்டுடன், அட்டை பிரிக்காமல் கொண்டுபோங்கள். நமக்கே உரிய இனிஷியல் சிக்கல் ஒன்று உண்டு: தாயாரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், விசா விண்ணப்பத்திலும் விமான டிக்கெட்டிலும் பெயர் எப்படி வரவேண்டும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, இரண்டிலும் ஒரே மாதிரி வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையாகச் சொன்னால், விமானமும் கியோட்டோ விடுதியும் ஜனவரியிலேயே; பிறகு டோக்கியோ விடுதி; பிறகு விசா. ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி பதற்றம் தேவையில்லை. பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால், ஜப்பானிய நேரம் காலை 10 மணிக்கு நிலையங்களில் விற்பனை தொடங்கும், மே பின்பாதியில் ஒரே வரிசையில் ஐந்து இடம் கிடைக்க அதுவே போதுமான அவகாசம். திரும்பும்போது டோக்கியோவுக்கு மறுபடி வராமல், கியோட்டோவிலிருந்து ஹருக்கா ரயிலில் ஏறினால் எங்கும் மாறாமல் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்துக்குள்ளேயே இறங்கலாம். அங்கிருந்து சிங்கப்பூர் அல்லது பாங்காக் வழியாகத் தில்லிக்கு விமானம் பாருங்கள்.