முள்ளந்தண்டு உறைப் புற்றுநோய்: சி70.1 ஏன் திரும்பி வருகிறது?

சி70.1 என்ற நோய்க் குறியீட்டைப் போட்டு அனுப்பிய நோயாளிக் கோப்பு ஏன் திரும்பி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். சி70.1 வேண்டாம், சி79.4 போடுங்கள். அந்த நோயாளிக்கு மார்பகப் புற்றுநோய் முள்ளந்தண்டு உறைக்குப் பரவியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சி70.1 அந்த உறையிலேயே தொடங்கிய புற்றுநோய்க்கு மட்டும்.

ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டு நூலின் மூன்றாம் தொகுதி அகரவரிசையில் ‘முள்ளந்தண்டு உறை’ என்ற இடத்தைக் கண்டதும் முதல் நிரலில் இருப்பதை எடுத்திருப்பீர்கள். பக்கத்து நிரல்தான் பரவிய கட்டிக்கு. நானும் புதிதில் இப்படித்தான் மாட்டினேன், அதுவும் இரண்டு தரம்.

மார்பகக் கட்டிக்கு இன்னும் சிகிச்சை நடந்தால் மார்பகப் புற்றுநோய்க்கான சி50-ஐயும் சேருங்கள். கட்டி அகற்றப்பட்டு சிகிச்சையும் முடிந்துவிட்டது என்றால் அதற்குப் பதில் இசட்85.3, அதாவது முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்தது என்ற குறியீடு.

அப்புறம், பத்தொலொஜி ரிப்போர்ட்டை ஒருதரம் பாருங்கள். மெனிஞ்சியோமா, அதாவது உறையிலேயே தொடங்கும் கட்டி, என்றிருந்தால் கதையே வேறு. பெரும்பாலானவை புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டிகள், அவற்றுக்கு டி32.1. ‘எடிபிக்கல்’ (இயல்புக்கு மாறானது) என்றால் டி42.1. ‘அனாபிளாஸ்டிக்’ (புற்றுத்தன்மை கொண்டது) என்றால்தான் சி70.1. ரிப்போர்ட் தெளிவில்லையென்றால் வார்ட் டொக்டரிடம் கேளுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம்: நான் சொன்ன குறியீடுகள் உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் உள்ளவை. கொழும்பிலிருந்து அமெரிக்க இன்சூரன்ஸுக்குப் போகும் கோப்பு என்றால் அவர்களின் பதிப்பில் சி79.4-இன் கடைசியில் இன்னொரு இலக்கம் சேர்த்து சி79.49 என்று எழுத வேண்டும்.