கராஜ் கேள்வி பதில்: ரிவர்ஸ் லைட் சுவிட்ச கியர் பாக்ஸ் கீழ இருக்கும்போதே முடிச்சிருங்க

கேள்வி: சார், என்கிட்ட 1964 மாடல் எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கு. ஒரிஜினல் 4 ஸ்பீடு கியர் பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ (கியர் கரகரன்னு உரசாம விழ வைக்கற அமைப்பு) கிடையாது, ஹைவேல இன்ஜின் கத்துது, அதனால அத எடுத்து வச்சிட்டு ஃபோர்டு சியராவோட 5 ஸ்பீடு பாக்ஸ் போடப்போறோம். என் கார்ல ரிவர்ஸ் லைட்டே கிடையாது. புதுசா வாங்கின பாக்ஸ்ல சுவிட்ச் மாதிரி ஒண்ணு திருகி இருக்கு. அத வச்சு பின்னாடி வெள்ளை லைட் எரிய வைக்கலாமா? மெக்கானிக் "முதல்ல பாக்ஸ ஏத்துவோம், லைட்ட அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறார்.

பதில்: லைட் தாராளமா எரிய வைக்கலாம். ஆனா அந்த "அப்புறம் பாத்துக்கலாம்"க்கு மட்டும் தலையாட்டாதீங்க. பாக்ஸ் டனலுக்குள்ள (கார் தரையோட நடுவுல பாக்ஸ மூடியிருக்கற தகர மேடு) போயிட்டா பக்கவாட்டுல விரல் நுழையறதே கஷ்டம், ஸ்பேனர் எங்க திரும்பும்? சுவிட்ச் வேல செய்யலன்னா அந்த ஒரு சின்ன பொருளுக்காக மறுபடியும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட கழட்டி, பாக்ஸ இறக்கி... அப்ப உங்க மெக்கானிக்கே வேற வேல இருக்குன்னு சொல்லிடுவார். பாக்ஸ் பெஞ்சுல இருக்கறப்போ பண்ணினா அரை மணி நேர வேல.

முதல்ல அது ரிவர்ஸ் சுவிட்ச்தானான்னு உறுதி பண்ணிக்குங்க. திருகி இருக்கறதெல்லாம் ரிவர்ஸ் சுவிட்ச் இல்ல, சில பாக்ஸ்ல ஓவர்டிரைவ் (ஹைவேல இன்ஜின் சுத்தற வேகத்த குறைக்கற கூடுதல் கியர்) சுவிட்சும் நியூட்ரல் சுவிட்சும் பாக்க அச்சு அசலா இதே மாதிரிதான் இருக்கும். மல்டிமீட்டர பீப் சத்தம் வர மோடுல வச்சு சுவிட்சோட ரெண்டு முள்ளுலயும் பிடிங்க, இன்புட் ஷாஃப்ட கையால லேசா சுத்திக்கிட்டே கியர் போடுங்க, இல்லன்னா பல்லு மேல பல்லு நின்னு கியர் விழாது. ரிவர்ஸ்ல பீப் வரணும், நியூட்ரல்லயும் 1லருந்து 5 வரைக்கும் சத்தமே வரக்கூடாது.

உள்ள நடக்கறது ரொம்ப சிம்பிள். ரிவர்ஸ் போடும்போது நகர்ற செலக்டர் ராடு (லீவர் அசைவ கியருக்கு கொண்டு போற கம்பி) சுவிட்சோட மூக்குல இருக்கற பின்ன உள்ள தள்ளுது, கான்டாக்ட் சேருது, லைட் எரியுது. ஆனா அந்த பின் நகர்ற தூரம் ஒரு சில மில்லிமீட்டர்தான், அதனால சுவிட்சுக்கு அடியில இருக்கற வாஷரோட கனம்தான் இங்க எல்லாத்தையும் தீர்மானிக்குது. வாஷர் கனமா இருந்தா ராடு பின்ன தொடாமயே போயிடும், லைட் எரியாது. வாஷரே போடாம முறுக்கிட்டா பின் எந்நேரமும் அமுங்கியே இருக்கும், நேரா போகும்போதும் வெள்ளை லைட் எரிஞ்சிட்டு இருக்கும், இல்லன்னா பின் நசுங்கி சுவிட்சே போயிடும். பழைய சுவிட்ச கழட்டினா அடியில எத்தன வாஷர் இருந்துச்சு, என்ன கனம்னு குறிச்சு வச்சுக்குங்க, புதுசு வாங்கினா மூக்கு நீளத்தையும் பழசோட பக்கத்துல வச்சு பாருங்க, மரை ஒண்ணா இருந்தாலும் மூக்கு நீளம் மாறும்.

செட் பண்றப்போ நான் பாக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. ராட ரிவர்ஸ் பக்கம் மெதுவா தள்ளிக்கிட்டே வாங்க, அது கடைசியா டக்குனு உக்கார்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே பீப் ஆரம்பிக்கணும். உக்காந்தப்புறம், அதுவும் லீவர அழுத்திப் பிடிச்சாத்தான் பீப் வருதுன்னா இன்னிக்கு எரியற லைட் பின் கொஞ்சம் தேஞ்சதும் எரியாது. ஒரு மெல்லிசு வாஷர எடுத்துட்டு திரும்ப பாருங்க.

இன்னொண்ணு, சில பாக்ஸ்ல சுவிட்சுக்கும் ராடுக்கும் நடுவுல தனியா ஒரு குண்டோ குட்டி பின்னோ இருக்கும். சுவிட்ச கழட்டும்போது அது நழுவி கீழயும் விழலாம், உள்ளயும் விழலாம், அதனால காந்தம் கையில வச்சுக்கிட்டே கழட்டுங்க. அலுமினியம் பாடிங்கறதால மரைய முதல்ல கையாலயே ஏத்துங்க, கடைசியில மட்டும் ஸ்பேனர், அதுவும் அளவா. இந்த மரை போச்சுன்னா சரி பண்றது பெரிய தலைவலி.

வயரிங்குக்கு வருவோம். உங்க பழைய பியூஸ் பாக்ஸ்ல ஏ4 முனையிலருந்து கிளம்பற பச்சை வயர்தான் இக்னிஷன் போட்டா மட்டும் கரன்ட் வர்ற லைன், அதுலருந்து எடுங்க. ஆனா அங்க இருக்கற பியூஸ் 35 ஆம்ப்ஸ், அது உங்க மெல்லிசு வயர காப்பாத்தாது, அதனால நடுவுல தனியா ஒரு 7.5 ஆம்ப்ஸ் பியூஸ் போட்டு சுவிட்சுக்கு கொண்டு போங்க. சுவிட்சோட அடுத்த முள்ளுலருந்து பின் லைட்டுக்கு பச்சையில பிரவுன் கோடு போட்ட வயர், பிரிட்டிஷ் கார்கள்ல ரிவர்ஸுக்கு அதுதான் கலர், நாளைக்கு வேற யாராவது திறந்து பாத்தாலும் புரியும். 21 வாட் பல்பு ரெண்டு போட்டா 12 வோல்ட்ல 3.5 ஆம்ப்ஸ்தான், ரிலே (சின்ன கரன்ட வச்சு பெரிய கரன்ட போட்டு நிறுத்தற சுவிட்ச்) இல்லாமயே சுவிட்ச் தாங்கும். 55 வாட் விளக்கு ரெண்டு மாட்டணும்னு ஆசப்பட்டா ரிலே போட்டே ஆகணும், ஆனா பின்னாடி வர்றவங்க கண்ணு கூசும், வேண்டாமே.

சுவிட்சுல ஒரே ஒரு முள்ளுதான்னா அது பாடி வழியா எர்த் எடுக்கற டைப். அப்ப ரிலே வச்சுருங்க, அதோட முனைகள்ல இருக்கற நம்பர்படி: 86ல பியூஸ் லைன், 85லருந்து சுவிட்ச், 30ல பியூஸ் லைன், 87லருந்து லைட். அந்த டைப்புக்கு மரையில டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, எர்த் விட்டுவிட்டு வரும்.

உங்க 64 மாடல் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியில சேர்ந்திருக்கும், 1967 கடைசியில மார்க் 2 வந்தப்போதான் நெகட்டிவ் ஆச்சு. யாரும் இதுவரைக்கும் மாத்தலன்னா சாதா பல்புக்கும் சுவிட்சுக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல, எல்இடி பல்பு மட்டும் பெரும்பாலும் எரியாது. பாசிட்டிவ் எர்த்துக்குன்னே விக்கறத கேட்டு வாங்குங்க.

வயர சைலன்சர் பைப் பக்கம் விடாதீங்க, இன்ஜின் ஆடறதுக்கு கொஞ்சம் தளர்வா விடுங்க, கனெக்டர கை எட்டற இடத்துக்கு மேல கொண்டு வந்து வைங்க.

கேள்வி: அண்ணா, எங்க பழைய பாக்ஸ்ல சுவிட்சுக்கு ஓட்டையே இல்ல, அந்த இடத்துல வெறும் மேடு மட்டும் வார்த்திருக்கு. ட்ரில் போட்டு மரை எடுத்துடலாமா? இல்ல டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சு நாமளே போட்டுக்கலாமா?

பதில்: பாக்ஸ் முழுசா பிரிச்சு கெடந்தா ட்ரில் பண்ணுங்க, பூட்டியிருக்கற பாக்ஸ்ல கூடவே கூடாது, அந்த அலுமினிய தூள் நேரா பேரிங்குக்குத்தான் போகும். அந்த மேட்டுக்கு உள்பக்கம் ராடு உண்மையிலேயே வந்து சேருதான்னும் பாக்கணும், ராட்ல தள்ளறதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஓட்டை போட்டும் பிரயோஜனம் இல்ல.

சுலபமான வழி, உருளை வச்ச மைக்ரோ சுவிட்ச் ஒண்ண லீவரோ லிங்கேஜோ ரிவர்ஸ்ல வந்து தொடற மாதிரி மாட்டறது. இதுல நிறைய பேர் சறுக்கற இடம் பிராக்கெட். அத டனல் தகரத்துல மாட்டுவாங்க, ஆனா பாக்ஸ் ரப்பர் மவுன்ட்ல ஆடிக்கிட்டே இருக்கும், வண்டி குலுங்கும்போதெல்லாம் லைட் மின்னும். பாக்ஸ்ல இருக்கற போல்ட்லயே பிராக்கெட்ட பிடிங்க, ரெண்டும் சேர்ந்து ஆடட்டும். ஃபிஃப்த் கியரும் ரிவர்ஸும் ஒரே வரிசையில எதிரெதிரா இருக்கற பாக்ஸ்னா பக்கவாட்டு அசைவ வச்சு செட் பண்ணாதீங்க, முன் பின் அசைவ வச்சு பண்ணுங்க.

டேஷ்போர்டு சுவிட்ச் எனக்கு பிடிக்கல. மறந்து அணைக்காம விட்டுட்டு ரோட்ல போவீங்க, பின்னாடி வர்றவன் நீங்க ரிவர்ஸ் வரீங்கன்னு நெனச்சு பிரேக் அடிப்பான். ஐநாவோட ஆர்48 விதிமுறையே ரிவர்ஸ் கியர் விழுந்தாத்தான் அந்த லைட் எரியணும்னு சொல்லுது.

கேள்வி: ஆட்டோமேட்டிக்க எடுத்துட்டு மேனுவல் பாக்ஸ் போட்டோம். இப்ப சாவி திருப்பினா ஸ்டார்ட்டர் சுத்தவே இல்ல, ரிவர்ஸ் லைட்டும் இல்ல. பேட்டரி புதுசு.

பதில்: பேட்டரிய விடுங்க. ஆட்டோமேட்டிக்ல பெரும்பாலும் ஒரே சுவிட்ச்தான் ரெண்டு வேலயும் பாக்கும், பார்க்லயும் நியூட்ரல்லயும் மட்டும் ஸ்டார்ட்டர விடும், ரிவர்ஸ்ல லைட்ட போடும். பாக்ஸோட அதுவும் போயிடுச்சு, வயர் அந்தரத்துல தொங்குது. சாவி திருப்பும்போது மட்டும் கரன்ட் வர்ற வயரையும் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு போற வயரையும் ஒண்ணா சேத்துருங்க. மிச்சம் இருக்கற ரெண்டு, இக்னிஷன் லைனும் பின் லைட்டுக்கு போறதும், புது பாக்ஸோட ரிவர்ஸ் சுவிட்சுக்கு நீட்டிக்குங்க. சேக்கறதுக்கு முன்னாடி எது எதுன்னு டெஸ்ட் லேம்ப்ல பாத்துக்குங்க, தப்பா சேத்தா ரிவர்ஸ் போட்டதும் ஸ்டார்ட்டர் சுத்தும். இனிமே கியர்ல இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும்ங்கறதால சாவி திருப்பறதுக்கு முன்னாடி கிளட்ச மிதிக்கணும்னு வீட்ல ஓட்டற எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க.