சுடாதவருக்கு எதற்குப் பதக்கம்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜான் குரோம்வெல் என்ற நீர்மூழ்கி அதிகாரிக்கு அமெரிக்காவின் உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்திருக்கிறார்கள். அவர் அந்தப் பயணத்தில் ஒரு எதிரிக் கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. மற்றவர்கள் தப்பித்தபோது இவர் கப்பலோடு போய்ச் செத்தார். இது தற்கொலைதானே? இதை வீரம் என்று கொண்டாடினால் இளைஞர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்?

பதில்: யாரும் தப்பிக்கவில்லை, ஐயா. குரோம்வெல் போன ஸ்கல்பின் நீர்மூழ்கியிலிருந்து கடலில் குதித்தவர்களை ஜப்பானியர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். படுகாயத்தோடு இருந்த ஒருவரைத் திரும்பவும் கடலிலேயே வீசிவிட்டு, மிச்சம் 41 பேரைத் தங்கள் ட்ரூக் தீவுக் கடற்படைத் தளத்தில் வைத்து நாள்கணக்கில் அடித்து விசாரித்தார்கள். குரோம்வெல் குதித்திருந்தால் அந்த வரிசையில்தான் நின்றிருப்பார். அவருக்கு என்னென்ன தெரியும் என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் தற்கொலையா இல்லையா என்று பேசலாம்.

1943 நவம்பர். பசிபிக்கில் தராவா தீவில் அமெரிக்கப் படை இறங்கப் போகிற நேரம். ட்ரூக்கிலிருந்து ஜப்பானியக் கடற்படை உதவிக்குக் கிளம்பினால் மறிக்க நீர்மூழ்கிகளை நிறுத்தியிருந்தார்கள். உத்தரவு வந்தால் அவற்றில் சிலவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்து நடத்துவது கேப்டன் குரோம்வெல்லின் வேலை. ஸ்கல்பினில் அவர் கூடப் போன மேலதிகாரி மட்டுமே. கப்பலுக்குக் கமாண்டர் ஃப்ரெட் கானவே. தராவா திட்டம் குரோம்வெல்லுக்கு அத்துப்படி. அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் தெரியும்: ஜப்பானியக் கடற்படையின் சங்கேதச் செய்திகளை அமெரிக்கா உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. சரக்குக் கப்பல் கூட்டங்கள் நண்பகலில் எங்கே இருக்கும் என்று ஜப்பானியர்களே சங்கேதத்தில் வானொலியில் சொல்வார்கள். அமெரிக்க நீர்மூழ்கி அங்கே போய்க் காத்திருக்கும். அந்த ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யமமோட்டோவின் விமானத்தை வீழ்த்தியதும் இதே வித்தையால்தான். விஷயம் வெளியே தெரிந்தால் எதிரி சங்கேதத்தை மாற்றிவிடுவான், ஆட்டம் முடிந்தது.

நவம்பர் 19 அதிகாலையில் ஸ்கல்பின் ஒரு கப்பல் கூட்டத்தைத் தாக்கப் போய், அவர்கள் கண்ணில் பட்டு முங்கியது. ஒரு மணி நேரம் கழித்து எழும்பினால், யமாகுமோ என்ற ஜப்பானிய டெஸ்ட்ராயர் போர்க்கப்பல் அங்கேயே காவலுக்கு நிற்கிறது. மறுபடி முங்கல், மேலிருந்து வெடிகுண்டுகள். அந்த அதிர்ச்சியில் ஆழமானியின் முள் 125 அடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மெல்ல மேலே வந்து பார்க்க நினைத்தவர்களுக்குத் தாங்கள் எவ்வளவு ஏறிவிட்டோம் என்பதே தெரியவில்லை. பட்டப்பகலில் கப்பல் கடல் மட்டத்துக்கு மேலேயே தலையை நீட்டிவிட்டது! அப்புறம் விழுந்த குண்டுகளில் ஒழுகத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் மேலே வந்து, மேல்தளத்துச் சின்னப் பீரங்கியை வைத்துச் சண்டை போட முடிவெடுத்தார் கானவே. போட்டியே இல்லாத சண்டை. கானவே செத்தார். அடுத்துப் பொறுப்பேற்ற லெப்டினன்ட், கப்பலை மூழ்கடித்துவிட்டு எல்லோரும் குதியுங்கள் என்று உத்தரவிட்டார். குரோம்வெல்லிடம் போய்ச் சொன்னபோது, தன்னால் வர முடியாது, தனக்கு ரொம்பத் தெரியும் என்றுவிட்டார். வயது 42.

வாயைத் திறக்காமல் அடியைத் தாங்கியிருக்கலாமே என்று நீங்கள் அடுத்து எழுதுவீர்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்வது சுலபம். சித்திரவதை, போதை மருந்து இரண்டையும் விருதுப் பத்திரமே குறிப்பிடுகிறது. தன் உடம்பு எந்த அளவுக்குத் தாங்கும் என்று அவருக்கே உத்தரவாதம் இல்லை. அடுத்தவர் உயிரை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க அவர் தயாராக இல்லை.

ரகசியம் வாய் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அதே வருடம் ஜூனில் ஆண்ட்ரூ மே என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பசிபிக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஜப்பானியர்கள் குண்டுகளைக் குறைந்த ஆழத்தில் வெடிக்க வைப்பதால்தான் நம் நீர்மூழ்கிகள் பிழைக்கின்றன என்று பத்திரிகையாளர்களிடம் பெருமையாக அவிழ்த்துவிட்டார். அந்த வாயால் 10 கப்பல்களும் 800 பேரும் போனதாக நீர்மூழ்கிப் படைத் தலைவர் லாக்வுட் கணக்குச் சொன்னார். அந்த எண்ணிக்கையில் சந்தேகம் உண்டு, கோபத்தில் இல்லை.

கைதிகளின் கதை இன்னும் கொடுமை. 41 பேரையும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களில் பிரித்து ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அதில் சூயோ என்ற கப்பலை டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் செயில்ஃபிஷ் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. அதிலிருந்த 21 கைதிகளில் ஒருவர்தான் பிழைத்தார். செயில்ஃபிஷின் பழைய பெயர் ஸ்குவாலஸ். 1939இல் அது விபத்தில் மூழ்கியபோது தேடிக் கண்டுபிடித்ததே ஸ்கல்பின்தான். சூயோ வரும் தகவல் செயில்ஃபிஷுக்குக் கிடைத்ததும் குரோம்வெல் காப்பாற்றிய அதே சங்கேத ரகசியத்தால். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று டார்பிடோ விட்டவர்களுக்குத் தெரியாது.

மிஞ்சியவர்கள் 1945இல் விடுதலையாகி வந்து சொன்ன பிறகுதான் குரோம்வெல் எப்படிச் செத்தார் என்பதே கடற்படைக்குத் தெரிந்தது, பதக்கமும் அப்புறம்தான். அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. கேட்டே ஆக வேண்டும் என்றால் இதைக் கேட்டிருக்கலாம்: இவ்வளவு தெரிந்த ஒரு மனிதரை, அந்தப் போரில் 52 நீர்மூழ்கிகளைப் பறிகொடுத்த ஒரு படையில் ஏற்றி, எதிரியின் வாசலுக்கே அனுப்பிவைத்தது யார்? பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தவர்களும் அதே கடற்படைக்காரர்கள்தான்.