சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறேன்

கேள்வி: கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் என்ன சொன்னாலும் "சரிங்கண்ணே" என்று சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவரைத் திட்டித் தீர்க்கிறேன். நான் வேஷக்காரனா?
– செம்பனைத் தோட்டத் தண்டல் (ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்), சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: பாதி வேஷம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் குலை எண்ணும்போது ஆட்களிடம் எரிச்சலைக் காட்டாமல் இருக்கிறீர்களே, அது பக்குவம். ஆனால் மனசுக்கு ஒப்பாததற்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தால் வேறொன்று நடக்கும். 1959-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களை ஒரு மணி நேரம் படு சலிப்பான வேலை செய்யவைத்து, அடுத்து வருபவரிடம் "ரொம்ப சுவாரசியமாக இருந்தது" என்று பொய் சொல்லச் சொன்னார்கள்; சிலருக்கு 20 டாலர், சிலருக்கு 1 டாலர். 20 வாங்கியவர்களுக்கு வேலை சலிப்பாகவே இருந்தது, ஒரே ஒரு டாலர் வாங்கியவர்களோ அது பரவாயில்லை என்றே பின்னால் சொன்னார்கள். காசுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு டாலர் போதாது; அதனால் மனசு தன் கருத்தையே மாற்றிச் சமாதானப்படுத்திக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். உங்களுக்கு அந்த ஒரு டாலர்கூடக் கிடையாது, ஒரு கிளாஸ் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) தான். இப்படியே போனால் தலைவர் சொல்வதுதான் நியாயம் என்று உங்களுக்கே தோன்றிவிடும் (வீட்டம்மாவுக்கு நிம்மதி, அது வேறு கதை). சரி, அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். திருவிழாப் பந்தல் கணக்கை மட்டும் கேளுங்கள்: "அண்ணே, ரசீதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.